விண்டோஸ் மறிக்கிறது, தம்பி அழுத்தச் சொல்கிறார்

கேள்வி: நாங்கள் கண்டாவளைப் பக்கம் சின்ன நெல் ஆலை ஒன்று நடத்துகிறோம். கொள்வனவுக் கணக்கு எல்லாம் இவ்வளவு காலமும் கொப்பியில்தான். இந்தக் காலபோகத்துக்காவது கொம்பியூட்டரில் போடுவோம் என்று, அறிவியல்நகரில் படித்து முடித்த ஊர்த் தம்பி ஒருவரைப் பிடித்து ஒரு மென்பொருள் செய்வித்தோம். கமக்காரரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, மூடைக் கணக்கு, ஈரப்பதன், கொடுத்த காசு, பாக்கி எல்லாம் பதியலாம். லிங்க் அனுப்பினார். இறக்கித் திறந்தால் நீலத்தில் ஒரு பெட்டி வந்து, ‘விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது’ என்கிறது. கேட்டதற்கு, ‘மோர் இன்ஃபோவைத் தட்டி ரன் எனிவே குடுங்கோ அக்கா, பிரச்சினை இல்லை’ என்றார். கொடுத்தேன். உடனே மூலையில் இன்னொரு அறிவிப்பு வந்து, ட்ரோஜன் என்று ஏதோ பெயர் சொல்லிப் பைலையே எடுத்துவிட்டது. ‘அன்டிவைரசைக் கொஞ்ச நேரம் நிப்பாட்டிப்போட்டுப் போடுங்கோ’ என்கிறார் தம்பி. வவுனியாவில் கொம்பியூட்டர் திருத்தும் என் மருமகன், ‘வைரஸ்தான் மாமி, உடனே அழியுங்கோ’ என்கிறார். ஆனால் அதே பைலைப் பென்ட்ரைவில் கொண்டுபோய் ஆலையில் இருக்கும் பழைய விண்டோஸ் 7 கொம்பியூட்டரில் போட, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் ஏறி வேலை செய்கிறது. ஒன்றில் வைரஸ், மற்றதில் இல்லையா? யார் சொல்வதைக் கேட்பது? போனுக்கும் ஒரு ஆப் வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். இன்னும் போடவில்லை.

பதில்:

அன்பின் அக்காவுக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பழைய கணினியில் கமக்காரரின் உண்மையான விபரங்களை இப்போதைக்குப் பதிய வேண்டாம். அதன் இணையத் தொடர்பையும் கழற்றி வையுங்கள். புதிய கணினியில் அன்டிவைரசை நிறுத்த வேண்டாம். தம்பி அனுப்பிய லிங்கையும் பென்ட்ரைவில் உள்ள பைலையும் அழிக்க வேண்டாம், அதை வைத்துத்தான் சில சோதனைகள் செய்யப் போகிறோம். அந்தப் பென்ட்ரைவை இப்போதைக்கு வேறு எதிலும் செருகவும் வேண்டாம். போன் ஆப் அப்படியே கிடக்கட்டும். இவ்வளவும் செய்துவிட்டுத் தேத்தண்ணி ஒன்று வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

தம்பி, மருமகன் இருவரும் ஆளுக்குப் பாதி சரி. நீலப் பெட்டியைப் பற்றித் தம்பி சொன்னது பெரும்பாலும் உண்மை, ஆனால் அன்டிவைரசை நிறுத்தச் சொன்னது தவறு. மருமகன் மறித்தது சரி, வைரஸ்தான் என்று முடிவு கட்டியது அவசரம். உங்களுக்கு வந்தவை இரண்டு எச்சரிக்கைகள். அவை வருகிற இடமும் வேறு, சொல்கிற சேதியும் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் இந்த இழுபறி.

நீலப் பெட்டியின் பெயர் ஸ்மார்ட்ஸ்கிரீன். முன்பு மைக்ரோசொப்டின் உலாவியில் மட்டும் இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது விண்டோசுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இணையத்திலிருந்து இறங்கிய மென்பொருளை நீங்கள் முதல் தடவை திறக்கும்போது அது மைக்ரோசொப்டிடம் விசாரிக்கிறது. இந்தப் பைலை இதற்கு முன் ஆட்கள் இறக்கிப் பாவித்திருக்கிறார்களா, கெடுதல் ஏதும் நடந்ததா, செய்தவர் இன்னார் என்று தெரியுமா என்பவைதான் கேள்விகள். நிறையப் பேர் நெடுநாள் பாவித்த பைல் என்றால் சத்தமில்லாமல் விட்டுவிடும். கெட்டது என்று ஏற்கெனவே பிடிபட்டதென்றால் இன்னும் கடுமையாக மறிக்கும். இரண்டுமில்லாமல், தனக்குத் தெரியவே தெரியாது என்ற நிலையில்தான் நீங்கள் கண்ட பெட்டி வருகிறது. புதிதாக லொறியோடு ஊருக்குள் வரும் நெல் வியாபாரியைப் போலத்தான். கள்ளன் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அவரிடம் நெல் போட்டுக் காசு வாங்கிய ஆளும் ஊரில் இல்லை.

ஒரே ஒரு ஆலைக்கென்று செய்த மென்பொருளுக்கு அந்த நற்பெயர் ஒருநாளும் சேராது. சேர்வதற்கு ஆட்கள் வேண்டுமே. அதோடு, செய்தவர் யாரென்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத மென்பொருளில் இந்த நற்பெயர் அந்தந்தப் பைலுக்குத்தான் ஒட்டும், செய்தவருக்கு ஒட்டாது. தம்பி நாளைக்கு ஈரப்பதன் கட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துத் திரும்ப அனுப்பினாலும், விண்டோசுக்கு அது முன்பின் கண்டிராத புதுப் பைல். மறுபடியும் நீலப் பெட்டி வரும். ஆகவே உங்கள் விஷயத்தில் அந்தப் பெட்டி வந்ததை வைத்து மட்டும் தம்பியைச் சந்தேகிக்க முடியாது. வராமல் இருந்திருந்தால்தான் எனக்குக் கேள்வி வந்திருக்கும்.

‘மோர் இன்ஃபோ’வைத் தட்டியதும் கீழே பைலின் பெயரும், வெளியிட்டவர் பெயரும் வந்திருக்கும். வெளியிட்டவர் தெரியாது என்று இருந்திருக்கும். மென்பொருளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடவில்லை என்பது அதன் பொருள். கையொப்பமிட ஒரு சான்றிதழ் வேண்டும். அதை விற்கும் நிறுவனங்கள் ஆளின் அடையாளத்தையோ கம்பனிப் பதிவையோ சரிபார்த்துத் தருகின்றன. ஆண்டுக்குச் சில நூறு டொலர் வரை போகும். 2023 ஜூனுக்குப் பிறகு அந்தச் சான்றிதழின் இரகசியச் சாவியைத் தனியான பாதுகாப்புக் கருவி ஒன்றில்தான் வைக்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது, அதனால் தனியாள் ஒருவருக்குச் செலவும் சிரமமும் இன்னும் கூடிவிட்டன. கிளிநொச்சியில் இருந்து ஒரு ஆலைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து, அதற்கும் அறுவடை முடியத்தான் காசு என்று கேட்டுக்கொள்கிற பொடியன், டொலரில் சான்றிதழ் வாங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. உலகம் முழுக்கச் சிறிய மென்பொருளாளர்கள் பலர் கையொப்பமில்லாமல்தான் வெளியிடுகிறார்கள்.

அதேநேரம், இதே வசனம் வேறொரு இடத்தில் வந்தால் அது அபாயச் சங்கு. இறக்கிய பைல் தன்னைக் கூகுள் குரோம் என்கிறது, அடோபி என்கிறது, வங்கி மென்பொருள் என்கிறது, ஆனால் வெளியிட்டவர் தெரியாது என்று வருகிறதா? யோசிக்காமல் அழியுங்கள். அந்த நிறுவனங்கள் கையொப்பமில்லாமல் எதையும் வெளியில் விடுவதில்லை. தேடுபொறியில் பெயரைத் தட்டினால் மேலே விளம்பரமாக வரும் போலித் தளங்களில் இந்த வகைப் பைல்கள் நிறைய.

கையொப்பம் இருந்தாலே சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். 2010இல் வெளியில் தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கள்ள நிரல், தாய்வானில் இரண்டு நிறுவனங்களிடம் திருடிய சான்றிதழ்களால் கையொப்பமிட்டு வந்தது. நம் கடைக்காரர்கள் பலர் கணினி வேகம் குறைந்தால் உடனே போடும் சிகிளீனர் இருக்கிறதே, 2017இல் அதன் ஒரு பதிப்புக்குள் கள்ள நிரல் புகுத்தப்பட்டு, நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஏறியது. யார் கையிலிருந்து வந்தது, வழியில் மாறியதா என்ற இரண்டைத்தான் கையொப்பம் சொல்லும். அந்தக் கை சுத்தமா என்று அதற்குத் தெரியாது.

இனி உங்கள் பென்ட்ரைவ் புதிர். கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான்.

இணையத்திலிருந்து ஒரு பைலை இறக்கும்போது, உலாவி அதோடு ஒரு மறைவான குறிப்பை ஒட்டிவிடுகிறது: இது வெளியிலிருந்து வந்தது என்று. பைலின் மேல் வலது பக்கம் தட்டி ‘புரொப்பர்டீஸ்’ போய்ப் பாருங்கள், அடியில் ‘அன்புளொக்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தால் அந்தக் குறிப்பு இருக்கிறது. ஸ்மார்ட்ஸ்கிரீன் இந்தக் குறிப்பைக் கண்டால்தான் விசாரணையே தொடங்கும். விண்டோஸ் கணினியின் வன்தட்டில் பைல்களை அடுக்கி வைக்கும் முறைக்கு என்டிஎஃப்எஸ் என்று பெயர். அதில் இந்தக் குறிப்புக்கு இடமுண்டு. நாங்கள் கடையில் வாங்கும் பென்ட்ரைவ்களில் பெரும்பாலானவை ஃபட்32 அல்லது எக்ஸ்ஃபட் முறையில் வருகின்றன. அவற்றில் அதற்கு இடமே இல்லை. பைல் பென்ட்ரைவில் ஏறும்போதே குறிப்பு உதிர்ந்துவிடும். மற்றப் பக்கம் இறங்கும்போது, அது இணையம் கண்டிராத வீட்டுப் பிள்ளை மாதிரி நிற்கும்.

உங்கள் ஆலைக் கணினியில் அதற்கு மேலும் சங்கதி இருக்கிறது. விண்டோஸ் 7இல் இந்த நீலப் பெட்டியே கிடையாது, அது 8இல்தானே வந்தது. விண்டோஸ் 7இல் உள்ள டிஃபென்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள் உளவு நிரல்களை மட்டும் தேடும் அரைகுறை ஒன்று, முழு அன்டிவைரஸ் அல்ல. 2020 ஜனவரியோடு மைக்ரோசொப்ட் விண்டோஸ் 7ஐக் கைவிட்டும்விட்டது. நிறுவும்போது அனுமதி கேட்டு மஞ்சள் பட்டையோடு ஒரு பெட்டியாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை என்றால், முன்பு திருத்தக் கொடுத்த இடத்தில் யாராவது அதை நிறுத்தி வைத்திருக்கவும் கூடும். தொல்லை என்று நிறுத்திவிட்டுக் கொடுப்பது எங்கள் தொழிலில் பலருக்குப் பழக்கம். ஆக, அங்கே பைல் சுத்தம் என்று யாரும் சொல்லவில்லை. பார்க்க ஆளே இல்லாத வீட்டுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

வன்னியில் இது பெரிய விஷயம். மல்லாவியோ மாங்குளமோ புதுக்குடியிருப்போ, மென்பொருள் கைமாறுவது இன்னும் பென்ட்ரைவில்தான். டேட்டா செலவு ஒரு காரணம், பழக்கம் இன்னொரு காரணம். கொமியூனிகேஷன் கடையில் அச்சடிக்கக் கொடுத்த பென்ட்ரைவே மாலையில் ஆலைக் கணினியில் ஏறும். சாலிட்டி, ராம்னிட் என்ற பழைய வைரஸ் குடும்பங்கள் இதற்கென்றே செய்தவை போல: பென்ட்ரைவில் தொற்றிப் பயணிக்கும், வழியில் காணும் நல்ல மென்பொருள் பைல்களுக்குள் தம்மைச் சேர்த்துவிடும். தம்பி சுத்தமாகத்தான் செய்து கொடுத்திருப்பார், வந்து சேர்ந்தது சுத்தமில்லாமல் போயிருக்கும். பென்ட்ரைவில் வந்ததற்கு எச்சரிக்கை வரவில்லை என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரண்டாவது அறிவிப்புக்கு வருவோம். பைலைத் தூக்கியது டிஃபென்டர், அதாவது அன்டிவைரஸ். ஸ்மார்ட்ஸ்கிரீன் போல ஆள் தெரியாது என்று அது நிற்கவில்லை. பைலுக்குள் எதையோ கண்டு, அல்லது கண்டதாக நினைத்து, பெயர் சொல்லித் தூக்கியிருக்கிறது. அந்தப் பெயர் முக்கியம். ‘விண்டோஸ் செக்கியூரிட்டி’க்குள் போய், ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யில் முழுப் பெயரையும் பார்த்து ஒரு எழுத்து விடாமல் எழுதி வையுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள்.

பெயரின் கடைசியில் ஒரு ஆச்சரியக்குறியும் அதற்குப் பிறகு எம், எல் என்ற இரண்டு எழுத்துகளும் இருந்தால், அது இயந்திரக் கற்றலின் ஊகம். இந்தப் பைலின் சாயல் முன்பு கண்ட கள்ளப் பைல்களின் சாயல் போல இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ‘வகாடாக்’ என்ற பெயர் இப்படி அடிக்கடி விழும். பைதன் என்ற நிரல் மொழியில் எழுதி ஒரே பைலாகக் கட்டியது, ஓட்டோஹொட்கீ என்ற கருவியில் செய்தது, அளவைக் குறைக்கச் சுருக்கிக் கட்டியது, இவையெல்லாம் எந்தக் குற்றமும் செய்யாமலே இந்த வலையில் விழுவதை எங்கள் வேலையில் அடிக்கடி காண்கிறோம். வைரஸ் எழுதுபவர்களும் அதே கருவிகளைத்தான் பாவிக்கிறார்கள் என்பதால் வரும் வினை. தமிழ் தட்டச்சு மென்பொருள்களுக்கும் இதே கதி உண்டு. நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடையில் பிடித்துத் தமிழெழுத்தாக மாற்றுவதுதான் அதன் வேலை. கடவுச்சொல் திருடும் நிரல் செய்வதும் அதே இடைமறிப்புத்தான். அன்டிவைரசுக்கு இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்று. உங்கள் தம்பி கமக்காரர் பெயரைத் தமிழில் தட்டுவதற்காகப் பாமினி விசைப்பலகை போல ஒன்றை உள்ளே சேர்த்திருந்தால், அதுவே காரணமாகவும் இருக்கலாம். அவரிடம் கேளுங்கள்.

ஆனால் ஊகம் என்பதால் பொய் என்றும் ஆகிவிடாது. உண்மையான கள்ளப் பைல்களுக்கும் இதே பெயர்தான் விழுகிறது. பெயரில் சாலிட்டி, ராம்னிட் போல ஒரு குடும்பம் வந்தால் விவாதமே வேண்டாம். தம்பியின் லப்டொப்பில் தொற்று இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், அவர் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும். இந்த இடத்தில்தான் ‘தெரிந்த பொடியன்தானே’ என்ற எங்கள் வழமையான சமாதானம் உதவாது. ஆளை நம்புவது ஒன்று, ஆளின் லப்டொப்பை நம்புவது வேறு. படிக்கும் பிள்ளைகளின் லப்டொப்பில் கிராக் செய்த, அதாவது காசு கட்டாமல் பூட்டுடைத்த விண்டோஸ், கிராக் செய்த ஒஃபிஸ், கல்யாண அல்பத்துக்குக் கிராக் செய்த போட்டோஷொப் என்று இருப்பது ஊரறிந்தது. அவருடையதிலும் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கிராக் வழியாகப் பரவிய டிஜேவியு என்ற ஒரு ரான்சம்வெயார், உள்ளே இருக்கும் பைல்களையெல்லாம் பூட்டிவிட்டு 980 டொலர் கேட்டது, 72 மணித்தியாலத்துக்குள் தந்தால் பாதி என்று கழிவு வேறு. அந்தக் கிராக்குகளோடு வரும் குறிப்புகளில் முதல் வரி என்ன தெரியுமா? அன்டிவைரசை நிறுத்து என்பதுதான். தம்பி வேறு நோக்கத்தில் சொல்லியிருந்தாலும், நிறுவுவதற்கு முன் அன்டிவைரசை நிறுத்தச் சொல்லும் எவருடைய சொல்லையும் கேட்பதில்லை என்று ஆலையில் ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். அதில் விலக்கே வேண்டாம், நான் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

அப்படியென்றால் வழி? தம்பிக்குச் செய்ய வேலை இருக்கிறது. மைக்ரோசொப்ட், தவறாகப் பிடிபட்ட மென்பொருளை ஆராயச் சொல்லி அனுப்புவதற்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறது. காசு இல்லை. செய்தவர் பைலை அனுப்பி இது என்ன வேலை செய்கிறது என்று விளக்கினால், அவர்கள் பார்த்துவிட்டுச் சுத்தம் என்று கண்டால் பட்டியலைத் திருத்துவார்கள். சில நாள் எடுக்கலாம். அதன்பின் உங்கள் டிஃபென்டர் தானாகவே வாயை மூடும். மென்பொருள் செய்து விற்று வாழ நினைக்கும் ஒருவர் இந்த வேலையைக் கற்றுத்தான் ஆக வேண்டும். நாளைக்கு இன்னொரு ஆலைக்காரர் வருவார், அவருக்கும் இதே பெட்டி வரும்.

இடைக்காலத்தில் வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் பைலைப் போட்டுப் பாருங்கள். 2004இல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012இலிருந்து கூகுளுடையது. ஏறத்தாழ 70 அன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துத் தனித்தனியாகச் சொல்லும். அதை வாசிக்கவும் பக்குவம் வேண்டும். இரண்டு மூன்று மட்டும், அதுவும் பெயர் கேள்விப்படாதவை, பொத்தாம்பொதுவான பெயர் சொன்னால் பொய் எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயர் பெற்றவை பல சேர்ந்து ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் அது வைரஸ். ஒன்றுமே சொல்லாவிட்டாலும், இன்று காலை பிறந்த பைல் என்றால் அதற்கும் முழு மதிப்புக் கொடுக்க முடியாது. இன்னொன்று: அங்கே ஏற்றும் பைலைப் பாதுகாப்பு நிறுவனங்கள் பலவும் எடுத்துப் பார்க்க முடியும். கமக்காரரின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் உள்ள தரவுப் பைலை அங்கே ஏற்றிவிட வேண்டாம். தம்பி மாதிரிக்கென்று உங்கள் பழைய கொப்பியிலிருந்து உண்மையான பெயர்களை மென்பொருளுக்குள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறாரா என்றும் முதலில் கேளுங்கள். ஆட்களின் தனிப்பட்ட தரவைப் பாதுகாக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. அது கிடக்க, தன் வங்கிக் கணக்கு இலக்கம் ஊர் சுற்றுகிறது என்று தெரிந்தால் எந்தக் கமக்காரர் அடுத்த போகம் உங்களிடம் நெல் போடுவார்?

பிறகு தம்பியைச் சுத்தமான ஒரு கணினியில் மென்பொருளைத் திரும்பக் கட்டி, புதிதாக ஒரு லிங்க் அனுப்பச் சொல்லுங்கள். கூடவே அந்தப் பைலின் ஷா-256 இலக்கத்தையும் கேளுங்கள். அது பைலின் கைரேகை: 64 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு நீண்ட சரம். பைலுக்குள் ஒரு புள்ளி மாறினாலும் சரம் முழுக்க மாறிவிடும். உங்கள் பக்கம் செவன்சிப் என்ற இலவச மென்பொருள் இருந்தால், பைலின் மேல் வலது பக்கம் தட்டி இந்த இலக்கத்தை எடுக்கலாம்; மருமகனுக்குத் தெரியும். இலக்கத்தைத் தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பட்டும், ஆனால் நீங்கள் அழைப்பெடுத்து முதல் பத்தையும் கடைசிப் பத்தையும் அவர் வாயால் வாசிக்கக் கேட்டு ஒப்பிடுங்கள். வட்ஸ்அப் கணக்கைப் பறித்துக்கொண்டு சொந்தக்காரர் போலச் சேதி அனுப்புவது இப்போது நடக்கிற விஷயம். குரலைத் தெரிந்த ஊர்க்காரர் என்பது பெரிய மென்பொருள் கம்பனி எதுவும் உங்களுக்குத் தர முடியாத வசதி, அதைப் பயன்படுத்துங்கள். ஆலைக் கணினியில் ஏற்கெனவே ஏறியிருக்கிறதே, பென்ட்ரைவில் கிடக்கும் அந்தப் பைலின் கைரேகையையும் மருமகனின் பட்டறையில் வைத்து எடுத்துப் பாருங்கள். தம்பி முதலில் அனுப்பியதோடு பொருந்தவில்லை என்றால் வழியில் எதுவோ ஏறிவிட்டது.

இவ்வளவும் சரியென்று வந்தபின் நீலப் பெட்டி வந்தால் ‘ரன் எனிவே’ கொடுக்கலாம். அடுத்ததாக மஞ்சள் பட்டையோடு, இந்த மென்பொருள் கணினியில் மாற்றம் செய்ய விடலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். இதற்குத் தலையாட்டுவதுதான் உண்மையில் பெரிய முடிவு, ஏனென்றால் வீட்டுச் சாவி முழுவதையும் இங்கேதான் கொடுக்கிறீர்கள். நெல் கணக்கு எழுத அந்த அதிகாரம் தேவையில்லை. அதிகாரம் கேட்காமல், பாவனையாளரின் சொந்தக் கோப்புறைக்குள் நிறுவும்படி செய்யச் சொல்லித் தம்பியிடம் கேளுங்கள், செய்யலாம். கணக்கெழுதும் பிள்ளைக்கு விண்டோசில் நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிக் கணக்கொன்று திறந்து கொடுங்கள். முதல் ஒரு கிழமை பொய்ப் பெயர்களைப் பதிந்து ஓட்டிப் பாருங்கள். கணக்கை வெளித்தட்டு ஒன்றில் நாளாந்தம் பிரதி எடுத்து, எடுத்ததும் கழற்றி அலுமாரியில் வையுங்கள். செருகியபடியே இருக்கும் தட்டையும் ரான்சம்வெயார் சேர்த்துப் பூட்டிவிடும்.

விண்டோஸ் 7 கணினியைப் பற்றி மனம் நோகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைத் துப்புரவாக அழித்துத் திரும்பப் போடாமல் பாவிக்க வேண்டாம். அதன் பிறகும் இணையம் இல்லாமல், தராசுத் துண்டு அச்சடிக்க வைத்துக்கொள்ளுங்கள். புதியது என்று நீங்கள் சொல்வது விண்டோஸ் 10 என்றால், அதற்கும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. 11 ஓடுமா என்று மருமகன் பார்க்கட்டும். இடையில் கணினி வித்தியாசமாக நடந்தால், பைல்களின் பெயர்கள் மாறினால், உடனே இணையத்தைக் கழற்றுங்கள், வேறொரு போனிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். இலங்கை சேர்ட் என்ற அரச அமைப்பு 2006இலிருந்து இதற்கென்றே இருக்கிறது, அழைக்கும் இலக்கம் 101.

போன் ஆப் விஷயத்தில் என் பதில் குறுகியது: போட வேண்டாம். கணினியில் இருப்பது நெல் கணக்கு. போனில் இருப்பது உங்கள் வங்கி, வங்கி அனுப்பும் ஒருதடவைக் கடவு எண், குடும்பத்தின் வட்ஸ்அப் எல்லாம். வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே பைலை, அதாவது ஆப்பை நிறுவும் பைலைப் போடுவதற்கு, அன்ட்ராய்ட் 8இலிருந்து, வட்ஸ்அப்புக்கே தெரியாத ஆப்களை நிறுவும் அனுமதியைக் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டு நாங்கள் திரும்பப் பூட்டுவதில்லை. அடுத்த கிழமை யாரோ ‘கல்யாணக் கார்ட்’ என்று அனுப்பும் ஏபிகேயும் அதே கதவால் வரும். பிளே ஸ்டோரில் ஒரு மென்பொருளாளர் பதிவதற்கு வாழ்நாளில் ஒருமுறை 25 டொலர்தான். பிறகு அங்கே சோதனைகளைத் தாண்டி வெளியிட வேண்டும். விண்டோஸ் சான்றிதழ் வாங்கவில்லை என்று நான் தம்பியைக் குறைசொல்ல மாட்டேன், ஆனால் இதை அவர் கட்டலாம். அதுவும் இயலாதென்றால் போனின் உலாவியில் திறக்கும் சாதாரணப் பக்கமாகச் செய்து தரட்டும், பாக்கிக் கணக்குப் பார்க்க அது போதும். எந்த நெல் ஆப்பாவது குறுஞ்செய்திகளை வாசிக்கவோ, திரையை வாசித்துத் தானே அழுத்தவும் விடும் அக்சஸிபிலிட்டி என்ற அனுமதியோ கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். அந்த மென்பொருளின் மூல நிரல், அதாவது தம்பி எழுதிய நிரல் வரிகள், யாரிடம் இருக்கிறது? தம்பியின் லப்டொப்பில் மட்டும் என்றால், அவருக்குக் கனடா விசா கிடைக்கும் நாளில் உங்கள் கணக்குப் புத்தகத்தைத் திருத்த ஆளில்லாமல் போகும். காசின் கடைசித் தவணையைக் கொடுக்கும்போது மூல நிரலின் பிரதி ஒன்றையும், எல்லாப் பதிவுகளையும் எக்ஸெல் பைலாக எடுக்கும் ஒரு பொத்தானையும் கேட்டு வாங்குங்கள். அந்தப் பொத்தானை அறுவடை தொடங்க முன்பே அழுத்தி, வரும் பைலில் தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். பாமினி எழுத்துருவில் பதிந்து வைத்திருந்தால் அங்கே வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அப்படி வந்தால், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு இப்போதே மாற்றச் சொல்லுங்கள், ஆயிரம் பெயர் ஏறியபின் மாற்றுவது பெரும்பாடு.